ஃபேக்டோரியோவில் நீளமான ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கும் நாங்கள் ஆறு பேர் ஒரே சர்வரில் ஃபேக்டோரியோ ஆடுகிறோம். வேற்றுக் கிரகத்தில் தனியாக விழுந்து, கையால் கல்லும் கரியும் வெட்டி, தொழிற்சாலை கட்டி, ராக்கெட் விடும் விளையாட்டு அது. செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள வூபே நிறுவனம் செய்தது. 1.0 பதிப்பு 2020 ஆகஸ்டில் வந்தது. 2.0 பதிப்பும் ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கமும் 2024 அக்டோபரில் வந்தன.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டி நிற்கிறார்கள். பக்கத்தில் இருந்த இரும்பு தீர்ந்துவிடுகிறது. அடுத்த சுரங்கம் எங்கோ இருக்கிறது. அங்கே வரை பாதை போட வேண்டும். அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம் போனால் அதை நீளமான பாதை என்பது?

என் கணக்கு இது: மறந்துவிட்ட ஒரு பொருளை எடுக்கத் திரும்பி நடந்தால் எரிச்சல் வருகிற தூரம். விளையாட்டில் தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு கட்டத்தை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். காலால் நடந்தால் நொடிக்கு ஏறக்குறைய 9 கட்டம் போகலாம். ஆயிரம் கட்டம் நடக்க இரண்டு நிமிடம் ஆகும், திரும்பி வர இன்னும் இரண்டு நிமிடம். ஆயிரத்துக்கு உள்ளே என்றால் எப்படிப் போட்டாலும் சரி. அதற்கு மேலே போகும்போதுதான் கீழே சொல்லப்போகிற முறைகள் தேவைப்படும்.

எத்தனை தண்டவாளம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?

ஒரு தண்டவாளத் துண்டு இரண்டு கட்ட நீளம். ஒரு கல், ஒரு இரும்புக் கம்பி, ஒரு ஸ்டீல் தகடு போட்டால் இரண்டு துண்டு வரும். அப்படியானால் ஆயிரம் கட்டத்துக்கு ஒற்றைப் பாதை என்றால் 500 துண்டு, இரட்டை என்றால் 1000 துண்டு. நூறு துண்டு ஓர் அடுக்கு. ஆக, இரட்டைப் பாதைக்கு ஆயிரம் கட்டத்துக்குப் பத்து அடுக்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கும் சந்திப்புக்கும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கு மனதில் பதிய வேண்டும் என்பதற்காக நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை. அதை அப்படியே விளையாட்டில் போட்டால் 46,000 கட்டம், 23,000 தண்டவாளம். அதற்கு 11,500 கல், 11,500 ஸ்டீல் தகடு, 11,500 கம்பி வேண்டும். ஒரு ஸ்டீல் தகட்டுக்கு ஐந்து இரும்புத் தகடு போகிறது, ஒரு தகட்டில் இரண்டு கம்பி வருகிறது. கூட்டினால் 63,250 இரும்புத் தகடு. இதில் 57,500 தகடு ஸ்டீலுக்கு மட்டுமே போய்விடுகிறது. கல் போதவில்லையே என்று பலர் கல் சுரங்கம் தேடி ஓடுகிறார்கள். உண்மையில் இழுப்பது ஸ்டீல்தான். பாதை வேலை தொடங்குவதற்கு முன்னால் ஸ்டீல் உலையை இரண்டு மடங்காக்கி, தண்டவாளம் செய்யும் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

கையால் போடுவதில் ஏதாவது சுலப வழி உண்டா?

தண்டவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, போட்ட பாதையின் முனையில் தெரியும் அம்புக்குறியைத் தட்டுங்கள். மவுஸ் போகும் பக்கமெல்லாம் வளைவோடு சேர்த்துப் பாதை தானாக வரும். சாதாரணமாகத் தட்டினால் கை எட்டும் தூரம் வரைக்கும்தான் போடும். ஷிப்டை அழுத்திக்கொண்டு தட்டினால் நீளமாகப் போகும், மரம் பாறை எதையும் பொருட்படுத்தாது. ஆனால் அப்படி வருவது நிழல் மட்டுமே. அதை நிஜமாக்க ரோபோ வேண்டும். ரோபோ வருவதற்கு முந்தைய காலத்தில், காட்டை ஊடுருவ டாங்கியை ஓட்டிச் செல்லுங்கள். மரங்கள் சாய்ந்து வழி விடும்.

பாதி வழியில் சாமான் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. நீளமான பாதை போடுவதில் போடுகிற வேலை சிறிய வேலை. முனைக்குச் சாமான் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. போட்ட பாதையே அடுத்த பாதைக்குச் சாமான் சுமக்க வேண்டும்.

என் முதல் நீண்ட பாதையில் நான் சட்டைப்பை நிறைய தண்டவாளத்தை அள்ளிக்கொண்டு கிளம்பினேன். மூவாயிரம் கட்டத்துக்கு அப்புறம், செம்புச் சுரங்கம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், இருபது துண்டு குறைந்தது. வீட்டுக்கு நடந்து, இருபது துண்டு எடுத்து, திரும்பி வந்து போட்டேன். அடுத்து மின்கம்பம் இல்லை. மறுபடி நடை. அன்று மாலை முழுக்க நடையிலேயே போயிற்று.

இப்போது நாங்கள் செய்வது இப்படி. முதலில் ஒரு வேலை ரயில் கட்டுவோம். முன்னால் ஒரு இன்ஜின், நடுவில் இரண்டு வேகன், பின்னால் எதிர்ப்பக்கம் பார்த்த இன்னொரு இன்ஜின். தானியங்கி ஓட்டத்தில் ரயிலுக்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது. திரும்பி வர எதிர்த்திசை இன்ஜின் கட்டாயம். வேகனில் 40 அறை இருக்கிறது. ஒவ்வோர் அறையின் மேலும் மவுஸின் நடுப் பொத்தானைத் தட்டி, அதில் எந்தப் பொருள் வர வேண்டும் என்று குறித்துவிடலாம். முதல் வேகன் முழுக்கத் தண்டவாளம். நாற்பது அடுக்கு, அதாவது 4000 துண்டு. இரட்டைப் பாதையில் நாலாயிரம் கட்டம் அந்த ஒரே வேகனில் போய்விடும். இரண்டாவது வேகனில் சிக்னல், பெரிய மின்கம்பம், நீரைத் தரையாக்கும் லேண்ட்ஃபில், கொஞ்சம் சுவர், துப்பாக்கிக் கோபுரம், பழுது பார்க்கும் பெட்டி, உதிரி ரோபோ. வீட்டு நிலையத்தில் பெட்டிகளில் இவை தயாராக இருக்கும். ரயில் வந்து நின்றதும், பொருளை எடுத்துப் போடும் இயந்திரக் கைகளான இன்சர்ட்டர்கள் குறைந்ததை மட்டும் நிரப்பிவிடும். அறை குறிக்காமல் விட்டால் நாற்பது அறையிலும் சுவரே ஏறிக்கொள்ளும். இதை மறக்காதீர்கள்.

முனையில் நிலையம் கட்டவே வேண்டாம். ரயிலின் திரையில் வரைபடம் இருக்கிறது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு தண்டவாளத்தில் எந்த இடத்தைத் தட்டினாலும் அதுவே தற்காலிக நிறுத்தம். வேலை செய்கிற ஆள் முனையில் நிற்பார், ரயில் அவர் காலடிக்கு வரும், எடுத்துக்கொள்வார், ரயில் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வரும்.

இன்னொன்று, நாலாயிரம் கட்டத்துக்கு ஒரு கிடங்கு வைக்கிறோம். அதற்கு மலை ரயில் ஸ்டேஷன்களின் பெயரும் உண்டு. எங்கள் சர்வரில் முதல் கிடங்கு கல்லாறு, அடுத்தது ஹில்குரோவ், அப்புறம் ரன்னிமேடு. மலை ரயிலும் ஒரே மூச்சில் ஊட்டிக்குப் போகவில்லை. யோசனை 1854-லேயே வந்துவிட்டது. வேலை 1891-ல் தொடங்கியது. குன்னூர் வரை 1899-ல் வண்டி ஓடியது, ஊட்டிக்கு 1908-ல். ஒரு பகுதி முடிந்து, அதில் வண்டி ஓடி, அதற்கு அப்புறம்தான் அடுத்தது. விளையாட்டிலும் அதே வரிசையில் போங்கள். கல்லாறு முழுசாக ஓடும் வரைக்கும் ஹில்குரோவுக்கு ஒரு துண்டுகூடப் போடாதீர்கள்.

வேலை ரயில் முனையில் இருந்து திரும்பி வர மறுக்கிறதே?

சிக்னலை அவசரப்பட்டு வைத்திருப்பீர்கள். சிக்னலே இல்லாத பாதையில் ரயில் இரண்டு திசையிலும் ஓடும். ஒரு பக்கம் மட்டும் சிக்னல் வைத்த நொடியில் அது ஒருவழிப் பாதை ஆகிவிடும். அதனால் கடைசிக் கிடங்கு வரை சிக்னல், அங்கே திரும்புவதற்கு ஒரு வட்டம், அதற்கு அப்பால் வேலை நடக்கிற பகுதி சிக்னல் இல்லாமல். அடுத்த கிடங்கு முடிந்ததும் சிக்னலை அங்கே வரை நீட்டுங்கள்.

ரோபோ வந்த பிறகு எப்படி?

மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

கவசத்தில் மாட்டும் சிறிய ரோபோபோர்ட், அதாவது ரோபோக்கள் தங்கி மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் இடம், முதல் வழி. ஒன்றுக்குப் பத்து ரோபோ. ரயிலில் உட்கார்ந்தபடியே முன்னால் நிழலைப் போட்டுக்கொண்டு மெதுவாக நகரலாம். வேகமாகப் போனால் ரோபோக்கள் பின்தங்கி, நம்மைத் துரத்துவதிலேயே மின்சாரம் தீர்ந்துவிடும். கொஞ்ச தூரம் நகர்ந்து நிறுத்தி, வேலை முடிந்ததும் மறுபடி நகருங்கள்.

இரண்டாவது, பாதையோடு சேர்த்து ரோபோபோர்ட்டுகளையும் நட்டுக்கொண்டே போவது. ஒன்றின் கட்டுமான எல்லை 110-க்கு 110 கட்டம். ஆனால் ஒன்றோடொன்று இணைய 50 கட்டத்துக்கு ஒன்று வேண்டும். ஆயிரம் கட்டத்துக்கு இருபது. செலவு அதிகம்தான், ஆனால் பிறகு எங்கே எது உடைந்தாலும் ஆள் போகாமலேயே சரியாகிவிடும். ஒரு தொந்தரவு: வீட்டில் இருந்து ஒரு ரோபோ இரண்டு துண்டு தண்டவாளத்தைத் தூக்கிக்கொண்டு எட்டாயிரம் கட்டம் பறந்து வரும், நடுவில் பத்து இடத்தில் மின்சாரம் ஏற்ற இறங்கும். கிடங்கில் சாமான் இருந்தால் இது நடக்காது. மறுபடியும் அதே கதைதான், முனையில் கிடங்கு வேண்டும்.

மூன்றாவது, ஸ்பைடர்ட்ரான். சிலந்தி போன்ற வண்டி, எட்டுக் காலில் சிறிய ஏரியையும் பாறையையும் தாண்டிப் போகும். அதற்குள் ரோபோபோர்ட்டும் தண்டவாளமும் நிரப்பி, வீட்டில் இருந்தே ஓட்டலாம். 2.0-வில் டாங்கிக்கும் கருவி மாட்டும் இடம் கொடுத்து, தூரத்தில் இருந்து ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். ஸ்பைடர்ட்ரான் வரும் வரை அது போதும். எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வழிதான்.

ப்ளூபிரின்ட் போட்டால் ஒட்டாமல் ஒரு கட்டம் தள்ளிப் போகிறது.

ப்ளூபிரின்ட் என்பது கட்டியதைச் சேமித்து மறுபடி பதிக்கும் அச்சு. அதில் கட்ட வரிசையோடு ஒட்டும் அமைப்பை, வரைபடம் முழுமைக்கும் பொதுவாக இருக்கும்படி வையுங்கள். 2.0-வில் அளவு 32 வையுங்கள். வரைபடமே 32-க்கு 32 துண்டுகளாகத்தான் பிரிந்திருக்கிறது. பெரிய மின்கம்பத்தின் கம்பியும் இப்போது 32 கட்டம் எட்டும். முன்பு 30-தான். அதனால் பழைய பதிப்பில் சேமித்த ப்ளூபிரின்ட்டை அப்படியே கொண்டுவர வேண்டாம், புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள். இரட்டைப் பாதை, நடுவில் ஒரு கம்பம், இரண்டு சிக்னல், இவ்வளவுதான். மவுஸைப் பிடித்து இழுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும்.

ஒற்றைப் பாதை போதுமா, இரட்டை வேண்டுமா?

எல்லோரும் இரட்டை என்பார்கள். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஸ்டீல் அருமையான பொருள். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் போகிற பாதைக்கு இரண்டு தண்டவாளம் எதற்கு? மலை ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், நடுவில் ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்கும், ஏன் என்று கேட்டால் கிராசிங் என்பார்கள். எதிர் வண்டி வந்து பக்கத்துத் தடத்தில் நின்ற பிறகுதான் நம் வண்டி கிளம்பும். அதே ஏற்பாடுதான் இங்கேயும்.

கிராசிங் தடம் உங்கள் நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். ஒரு இன்ஜின் அல்லது வேகன் இடைவெளியோடு சேர்த்து 7 கட்டம். ஒரு இன்ஜின், நான்கு வேகன் என்றால் 35 கட்டம். நான் நாற்பதுக்குக் குறையாமல் போடுவேன். இரண்டு தடத்தையும் ஒருவழியாக்குங்கள், போக ஒன்று, வர ஒன்று. கிராசிங்கை விட்டு ஒற்றைப் பாதைக்குள் நுழைகிற இடத்தில் செயின் சிக்னல். ஒற்றைப் பாதை முடிந்து அடுத்த கிராசிங் தடத்துக்குள் நுழைகிற இடத்தில் சாதாரண சிக்னல். செயின் சிக்னல் தனக்கு அடுத்த சிக்னலையும் பார்க்கும். அடுத்த கிராசிங்கில் இடம் இருந்தால்தான் வண்டியை ஒற்றைப் பாதைக்குள் விடும். இதை மாற்றி வைத்தால், நட்ட நடு வழியில் இரண்டு இன்ஜின் மூக்கோடு மூக்கு நின்றுகொண்டிருக்கும். ஒருவர் போய் ஒன்றைக் கையால் பின்னுக்கு ஓட்டினால்தான் விடிவு.

மூன்று நான்கு ரயிலுக்கு மேல் வந்துவிட்டால் தயங்காமல் இரட்டையாக்குங்கள். அதை மனதில் வைத்து, முதலிலேயே பக்கத்தில் இடம் விட்டுப் போடுங்கள்.

சிக்னல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்துக்கு ஒன்று?

ரயில் போகும் திசைக்கு எப்போதும் வலப்பக்கம். நம் நாட்டில் இரட்டைப் பாதையில் ரயில் இடது தடத்தில் ஓடுவதால், நம் ஆட்கள் பழக்கத்தில் இடது தடம் போட்டுவிடுகிறார்கள். விளையாட்டு அதைத் தடுக்காது. ஆனால் சிக்னல்கள் எல்லாம் இரண்டு தடத்துக்கும் நடுவில் வந்துவிடும், மின்கம்பத்துக்கு அங்கே இடம் இருக்காது. வலது தடத்தில் ஓட்டினால் சிக்னல் வெளிப்பக்கம், நடுவில் இரண்டு கட்டம் விட்டால் பெரிய கம்பம் சரியாக உட்காரும். பழக்கத்தை மாற்றிக்கொள்வது லாபம்.

நேர்ப் பாதையில் தூரத்துக்குக் கடுமையான விதி கிடையாது. இரண்டு சிக்னலுக்கு நடுவில் ஒரு ரயில்தான் இருக்க முடியும், அவ்வளவுதான். போக்குவரத்து அதிகம் என்றால் நெருக்கமாக, குறைவு என்றால் தள்ளி. சந்திப்பில்தான் கவனம் வேண்டும். உள்ளே நுழையச் செயின், வெளியேறச் சாதாரண சிக்னல், வெளியேறிய பிறகு ஒரு முழு ரயில் நிற்க இடம். அந்த இடம் குறைந்தால் ரயிலின் வால் சந்திப்பில் கிடந்து எல்லாத் திசையையும் அடைத்துவிடும்.

மேடு ஏற ஏதாவது தனி ஏற்பாடு உண்டா?

ஊட்டிக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்த விளையாட்டில் தரைக்கு ஏற்றமே கிடையாது. நம் ரயிலுக்குக் கல்லாற்றில் இருந்து குன்னூர் வரை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம். அதற்காகத்தான் தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் கொண்ட இரும்புச் சட்டம், அதைப் பிடித்து ஏறும் சக்கரம். குன்னூர் ஸ்டேஷனில் நின்று பார்த்தால், கீழே இருந்து வரும் வண்டியில் முதலில் தெரிவது பெட்டிதான். இன்ஜின் கடைசியில் இருந்து தள்ளிக்கொண்டு வரும். பெட்டியின் முகப்பில் ஒருவர் கொடியோடு நின்று, பாதையைப் பார்த்துப் பின்னால் இருப்பவருக்குச் சொல்வார். விளையாட்டிலும் இன்ஜினைப் பின்னால் வைத்துத் தள்ளவிடலாம், ஓடும். அழகுக்காக நாங்கள் ஒரு ரயிலை அப்படி வைத்திருக்கிறோம்.

இங்கே குறுக்கே வருவது செங்குத்துப் பாறையும் நீரும்தான். நீருக்கு லேண்ட்ஃபில். ஒன்றுக்கு 50 கல் வேண்டும். பெரிய ஏரி என்றால் சுற்றிப் போவது மலிவு. பாறைக்கு வெடி இருக்கிறது, ஆனால் ஸ்பேஸ் ஏஜ் ஆடுகிறவர்களுக்கு வல்கனஸ் கிரகம் போய் வந்த பிறகுதான் கிடைக்கும். அதுவரை சுற்றுங்கள், அல்லது அதே விரிவாக்கத்தில் வரும் உயர்மட்டத் தண்டவாளத்தைத் தூண் மேல் கொண்டுபோங்கள். சந்திப்பே இல்லாமல் இன்னொரு பாதையைத் தாண்டவும் அது உதவும்.

எரிபொருள் எவ்வளவு தாங்கும்?

இன்ஜினில் மூன்று அறை. மூன்றிலும் கரி நிரப்பினால் 150 கரி, 600 மெகாஜூல். இன்ஜின் 600 கிலோவாட். முழு விசையில் ஆயிரம் நொடி ஓடும். கரியில் உச்ச வேகம் மணிக்கு 259 கிலோமீட்டர், நொடிக்கு 72 கட்டம். 46 கிலோமீட்டரை அந்த வேகத்தில் பதினோரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். ஆனால் போய்த் திரும்ப அந்தக் கரி பற்றாது. இவ்வளவு நீளத்துக்கு மறுமுனையிலும் எரிபொருள் வையுங்கள், அல்லது கரியை விட்டுவிட்டுத் திட எரிபொருளுக்கு மாறுங்கள். 2.0-வில், எரிபொருள் குறைந்தால் தானே போய் நிரப்பிக்கொள் என்று ரயிலுக்கு இடையீட்டு உத்தரவு கொடுக்கலாம். நடுவழியில் கரி தீர்ந்து ஒரு ரயில் நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்கும்.

பைட்டர்கள் பாதையைத் தின்றுவிடாதா?

பைட்டர்கள் அந்தக் கிரகத்துப் பூச்சிகள், புகையைத் தேடித்தான் வருகின்றன. தண்டவாளத்துக்குப் புகை இல்லை. வழியை மறித்தால் மட்டும் கடிக்கும், பெரும்பாலும் மின்கம்பம்தான் போகும். பாதை நெடுகச் சுவர் எழுப்ப வேண்டாம், சுரங்கத்தையும் கிடங்கையும் காத்தால் போதும். மின்கம்பம் போனாலும் ரயில் நிற்காது. ரயிலுக்கும் சிக்னலுக்கும் மின்சாரமே வேண்டாம்.

ஸ்பேஸ் ஏஜில் வரும் க்ளேபா கிரகத்திலும் இப்படி நீளமாகப் போடலாமா?

போடலாம், ஆனால் கொஞ்சம் யோசித்து. அங்கே விளைவதெல்லாம் அழுகும். யுமாகோ பழம் முழுசாக ஒரு மணி நேரம் தாங்கும். அதைக் கூழாக்கிவிட்டால் மூன்று நிமிடம்தான். பச்சைத் தேயிலையைப் பறித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பறித்த இலை அன்றே தொழிற்சாலைக்குப் போக வேண்டும், அதனால்தான் மலையில் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை. பழமாகவே ரயிலில் ஏற்றுங்கள். வேகன் நிறையும் வரை நிற்கும்படி வைக்காதீர்கள், நேரம் பார்த்துக் கிளம்பும்படி வையுங்கள்.

சுரங்கம் தீர்ந்த பிறகு பழைய பாதையை என்ன செய்வது?

பிரித்து எடுங்கள். போட்டது அத்தனையும் குறையாமல் திரும்பக் கிடைக்கும், சிக்னலும் கம்பமும்கூட. முனையில் இருந்து வீட்டை நோக்கிப் பிரித்துக்கொண்டே வாருங்கள், வேலை ரயில் பக்கத்திலேயே பின்னோக்கி வரட்டும். எங்கள் கல்லாறு கிடங்கு மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது அங்கிருந்துதான் கிழக்கே யுரேனியத்துக்குக் கிளை போகிறது.